என் குரலே சொன்னது

பாப்பாவின் அம்மாவுக்கு,

நலம்தானே? அத்தையின் முட்டுவலி தேவலையா? என் தொண்டைக்கட்டுக்குக் காரணம் கேட்டாயே, சொல்கிறேன்.

செயல்திட்டத்துக்காக என் மாணவர்கள் ஒரு கணினி வாத்தியாரைச் செய்தார்கள். சந்தேகம் கேட்டால் என் குரலிலேயே பதில் சொல்லும். அதற்காகப் பாடம் முழுவதையும் நானே வாசித்துப் பதிவு செய்து கொடுத்தேன். அடுத்த ஆண்டின் பாட அட்டவணையையும் ஆசிரியர் பட்டியலையும் அலுவலகம் அதில் ஏற்றியது.

நேற்று எல்லார் முன்னாலும் ஒரு மாணவி விளையாட்டாக, “அடுத்த வருஷம் எங்களுக்கு யாரு பாடம் எடுப்பாங்க?” என்று கேட்டாள்.

“நான்தான். உங்க சாருக்கு இந்த மாசத்தோட வேலை முடியுது” என்றது என் குரல்.

தலைமையாசிரியர் கைதட்டினார். “தப்பே இல்லாம பதில் சொல்லுது சார், பசங்களுக்கு முழு மார்க் போடுங்க” என்றார். போட்டேன்.

நம்மூரில் என் பழைய பள்ளியில் இடம் இருக்கிறதா என்று மச்சானை விசாரிக்கச் சொல். பாப்பாவுக்குக் கதை பதிவு செய்து அனுப்பச் சொல்லியிருந்தாய், தொண்டை மிஞ்சவில்லை. இனி நேரிலேயே சொல்லலாம்.

மணி அடிக்கிறது.

உன்னவன்