இருபத்து மூன்று பூஜ்யங்கள்

ஹாம்பர்க்

அன்புள்ள அப்பாவை வணங்கி எழுதுவது. மூட்டுவலி குறைந்ததா? நான் நலம்.

காமயகவுண்டன்பட்டித் தோட்டத்தில் நீங்கள் அளந்த ஜூன் மழையை இங்கே மழையைக் கணிக்கும் கணினி மாதிரியோடு ஒப்பிட்டு வரைந்தேன். அது ஐந்து மடங்கு மழை காட்டுகிறது. மழையைத் தடுக்கும் மேற்கு மலை அதற்கு வெறும் மேடு. அதன் கணக்கில் கேரளத்து மழையெல்லாம் நம் திராட்சைப் பந்தலில் கொட்டுகிறது! அந்த மாதிரியை உருவாக்கிய எங்கள் மேதாவித் தலைவரோ, "இருபத்து மூன்று நாள் பூஜ்யமா? உன் அப்பா மழைமானியைப் பார்த்தே இருக்கமாட்டார், நீக்கிவிடு" என்றார். ஒரு மலையையே தொலைத்தவர், காய்ச்சலிலும் மானியைப் பார்க்கும் உங்களைச் சந்தேகிக்கிறார். நீக்கமாட்டேன் என்றேன். வேலைக்கு ஒன்றும் ஆகாது, கவலைப்படாதீர்கள்.

நீங்கள் மழையளவு குறிக்கும் நோட்டின் பழைய பக்கங்களையும் படமெடுத்து அனுப்புங்கள். காலையில் பூஜ்யம் எழுதியதும், "இன்னைக்கும் பெய்யல ஆத்தா" என்று போனில் சொல்லுங்கள். இங்கே என்னை ஆத்தா என்று கூப்பிட யாருமில்லை.

அவசரத்தில்,
நாகஜோதி