டை மாமா ஒரு நாற்காலி

அன்பும் பொறுமையும் மிக்க அக்காவுக்கு,

நம் குடும்ப வரலாற்றில் பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டிய செய்தி ஒன்றை இதன்மூலம் அறிவிக்கிறேன்: உன் தம்பிக்கு மீசை வந்துவிட்டது. இடப்பக்கம் மட்டும். வலப்பக்கத்தின் விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது.

நான் நலம். அம்மாவும் நலம் என்று எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். ஆனால் நேற்று டீயில் உப்பைப் போட்டுவிட்டு, அதைத் தானே முழுசாகக் குடித்து, டம்ளரையும் கழுவி வைத்தாள். சத்தியமாக அது என் கைவரிசை இல்லை.

அம்மாவின் ஆபீஸ் வேலை உனக்குப் பாதிதான் தெரியும். எனக்கு முழுசும் தெரியும். ஆஸ்பத்திரியில் குழாய் வழியாக மருந்து ஏற்றும் மெஷினுக்கு மென்பொருள் வடிவமைக்கிறார்கள். அதைச் சரிபார்க்க அம்மா 'ஆன்டாலஜி' என்று ஒன்று எழுதியிருக்கிறாள். ஏதோ ஆன்ட்டி சமாச்சாரம் என்று நினைக்காதே. எது எதோடு சேர்த்தி, எது எதுவாக இருக்கவே முடியாது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லி வைப்பது. ஒருவருக்கு ஒரு எடைதான். தாய் வேறு, குழந்தை வேறு. மனுஷன் பொருளாக மாட்டான். இதை வைத்துக்கொண்டு அது வடிவமைப்பைப் படித்து, இடிக்கிற இடத்தில் சிவப்புக் கோடு போடும். அம்மாவுக்கே சொல்லிக்கொடுக்கும் அளவுக்கு நான் அதில் தேறிவிட்டேன்.

போன வாரம் எல்லோர் முன்னாலும் அதைப் போட்டுக் காட்டினாள். திரை முழுக்கச் சிவப்பு. உள்ளே ஒரு பொய் புகுந்தாலும் அதற்கு எல்லாமே தப்பாகத் தெரியுமாம். டை மாமா, அதாவது அவள் மேலாளர் (தூங்கும்போதும் டை கட்டியிருப்பார் என்பது என் யூகம்), உங்கள் ஜோசியப் பெட்டிக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டாராம். எல்லோரும் சிரித்தார்களாம். என் கவனக்குறைவுதான் என்று சொல்லிவிட்டு அம்மா வந்துவிட்டாள்.

இப்போது அதே பெட்டி ஒரே ஒரு கோடு போட்டிருக்கிறது. பிறந்த குழந்தைக்குப் பெயர் வைக்கும்வரை ஆஸ்பத்திரியில் தாயின் நோயாளி எண்ணிலேயே பதிவாம். ஒரே எண்ணில் இரண்டு பேர். தாயின் எடைக்குக் கணக்குப் போட்ட மருந்து கைக்குழந்தைக்கு ஏறும். அம்மா சொல்லிப் பார்த்தாள். மறுபடியும் ஆரம்பித்துவிட்டீர்களா என்றார்களாம். திங்கட்கிழமை எல்லாம் சரி என்று அவள் கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் வேலையை விட வேண்டும். ராஜினாமாவை எழுதுவதும் அழிப்பதுமாக உட்கார்ந்திருக்கிறாள்.

தேறிவிட்டேன் என்றேனே, எனக்கு அதில் எழுதத் தெரிந்தது ஒரே வரிதான். 'டை மாமா ஒரு நாற்காலி.' அவள் ஆபீஸில் போட்டுக் காட்டுவதற்கு முன்னால் அதை உள்ளே எழுதி வைத்தேன், அம்மா பார்த்தால் சிரிப்பாள் என்று நினைத்து. திரை சிவந்த கதையைக் கேட்டதும் பயந்துபோய் அழிக்கப் போனபோது அந்த வரியே அங்கே இல்லை. எனக்கு முன்னாலேயே அவள் கண்டுபிடித்துவிட்டாள். ஆபீஸ் கம்ப்யூட்டரை வீட்டுப் பிள்ளை தொட்டான் என்று எப்படிச் சொல்வாள்? என்னைத் திட்டவும் இல்லை. நாலு அறை விட்டிருக்கலாம்க்கா.

போனில் சொன்னால் அவள் காதில் விழும், அதனால்தான் இந்த மெயில். திங்கட்கிழமை காலையில் அவள் கிளம்புவதற்குள் நான் டை மாமா முன்னால் போய் நிற்கப் போகிறேன். எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை. நீ அந்த நேரத்தில் அம்மாவுக்குப் போன் போட்டு எதையாவது பேசிக்கொண்டே இரு. பேச ஒன்றும் இல்லையென்றால் என் மீசையைப் பற்றிப் பேசு.

இடப்பக்கமும் வரவில்லை. அது பேனா மை.

இப்படிக்கு,
உன் வால்