பாறை 212-இல் ஒன்பது துளைகள்

நாள் 41. காலை 06:10. பாறை 212
காற்று நாற்பது நாளுக்கு. எரிபொருள் பாதி. ஒன்பதாவது துளையும் வெறும் கல். இந்தக் குறுங்கோள் பட்டையில் தங்கம் தேடுகிறவர்கள் தினமும் ஆறு மணிக்கு வானொலியில் பாறை எண்ணையும் பெயரையும் சொல்லி, 'இருக்கேன்' என்று ஆஜர் கொடுக்க வேண்டும். கொடுக்காதவனைத் தேடிப் பக்கத்துப் பாறைக்காரர் வருவார். என் பக்கத்துக்காரர் முனிரத்தினம் அண்ணன். என்னைப் போலவே கோலார் தங்கவயல். அந்த ஒரு குரலை நம்பித்தான் நாள் ஓடுகிறது.

நாள் 46. மாலை 17:30. பாறை 212
இந்தக் குறிப்பின் தலைப்பில் உள்ள பாறை எண் பொய். தலைப்பு மட்டும்தான் கண்காணிப்பு நிலையத்துக்குத் தானாகப் போகும். நேற்று யாருக்கும் சொல்லாமல் பாறை 88-க்கு மாறினேன். இரண்டாவது துளையிலேயே விரல் பருமனுக்குத் தங்கம்! சத்தமாகச் சிரித்தேன். கேட்க நாதியில்லை. தங்கம் கண்டவன் எவன் இங்கே உண்மை எண்ணைச் சொல்கிறான்? சொன்னால் மறுநாளே இருபது கலங்கள் வந்து இறங்கும். ஆஜரில் 212 என்றேன். அண்ணனிடமும்தான். அடையாள விளக்கின் மின்கலத்தைக் கழற்றித் துளைப்பானில் மாட்டினேன்.

நாள் 49. முற்பகல் 11:05. பாறை 212
பாறை வெடித்தது. உள்ளே உறைந்த வாயு. துளைப்பான், மின்கலம், ஒலிபரப்பி எல்லாம் போயின. எரிபொருள் தொட்டி கிழிந்துவிட்டது. ஒலிவாங்கும் பெட்டி மட்டும் பிழைத்தது. காற்றும் கசிந்து, மிஞ்சியது எட்டு நாளுக்கு. அணையும் முன் ஒலிபரப்பி இந்த ஒரு தலைப்பை அனுப்பியது; அதிலும் 212-ஐ மாற்றவில்லை. காப்பாற்ற வருகிறவன் தங்கத்தைப் பங்கு கேட்கக் கூடாதே.

நாள் 50. காலை 09:40. பாறை 212
அண்ணன் குரல்:
"தாசு, 212-ல நிக்கிறேன். நீ போட்ட ஒம்பது தொளையும் கீது. எங்கடா கீற நீ?"
தொண்டை கிழியக் கத்தினேன். தலைக்கவசத்தைத் தாண்டவில்லை.

நாள் 53. மதியம் 14:20
இன்னும் 212-ஐத்தான் சுற்றுகிறார்.
"எனக்கும் காத்து கொறையுது. உன்ன வுட்டுட்டுப் போவ மனசு வரலடா."
போய்விடுங்கள் அண்ணா. பயமாக இருக்கிறது. ஆனாலும் போய்விடுங்கள்.

நாள் 56. காலை 08:15
"உன் பேர இந்தப் பாறையிலயே செதுக்கிட்டேன். கெளம்புறேன் தாசு. மன்னிச்சிடுடா."
அவர் எதற்கு மன்னிப்புக் கேட்கிறார்? பிறகு வெறும் இரைச்சல்.
இதைக் கண்டெடுப்பவரே, இரண்டாவது துளையில் இருப்பது முனிரத்தினம் அண்ணனுக்கு. எங்கே இருந்தேன் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

நாள் 57. காலை 06:00. பாறை 88
அருமைதாஸ். இருக்கேன்.