எங்க வீட்டுல என்ன குறை

ஜூன் 3, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தாச்சு. லீவு முழுக்கப் பள்ளிக்கூடத்து அடுப்படியை எலிகள் குத்தகைக்கு எடுத்திருந்தன. பெருக்கிக் கழுவி, அடுப்பு மூட்டி, உலை வைத்து நிமிர்ந்தால் வாசலில் கொசு நிற்கிறாள், கையில் தட்டோடு. சாப்பாட்டு மணிக்கு இன்னும் ரெண்டு பாடம் இருக்கிறது.

கொசு பக்கத்து வீட்டுப் பெண். மூன்றாம் வகுப்பு. பெயர் வேறு, அதை யாரும் கூப்பிடுவதில்லை. ஆள் ஒல்லி, காதோரம் ஓயாத ரீங்காரம், அதனால் கொசு. லீவில் இன்னும் இளைத்துவிட்டாள். மற்றப் பிள்ளைகளுக்கு லீவு என்றால் விளையாட்டு. இவளுக்கு லீவு என்றால் மத்தியானச் சோறு கிடையாது, அவ்வளவுதான்.

"பெரியம்மா, இன்னிக்கு முட்டை உண்டா?"

"திங்கக்கிழமைன்னா முட்டைதானே. மறந்துட்டியா?"

"நான் மறக்கல. உங்களுக்கு ஞாபகம் இருக்கான்னு பாத்தேன்."

வாய் மட்டும் இளைக்கவில்லை.

ஜூன் 5, புதன்

வெயில். பருப்பு வேகவே மாட்டேன் என்றது.

ஜூன் 10, திங்கள்

அரிசி மூட்டை இறக்க வந்த வண்டிக்காரர் ஒரு சேதி சொன்னார். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் அடுப்படியைப் பூட்டிவிட்டார்களாம்.

"ஏன், சமைக்கிறவளுக்கு உடம்பு சரியில்லையா?"

"அவளுக்கு என்ன, கல்லு மாதிரி இருக்கா. மாநிலம் பூரா பாக்குறாங்களாம்மா. எந்த ஊர்ல பசி இருக்கோ அந்த ஊருக்குத்தான் இனிமே சோறாம்."

"பசிக்கு என்ன, கதவு நம்பர் போட்டு வச்சிருக்காங்களா?" என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் போனபிறகு சிரிப்பு நிற்கவில்லை, அப்படியே காய்ந்து போய் ஒட்டிக்கொண்டது.

வீட்டுக்குப் பூட்டு போடுவார்கள், பெட்டிக்குப் போடுவார்கள். அடுப்புக்குப் போட்டு நான் கேள்விப்பட்டதில்லை.

ஜூன் 14, வெள்ளி

பெரிய டீச்சர் அடுப்படிக்கே வந்தார். அவர் வந்தால் வாசனை பிடித்து, "உப்பு கம்மியா?" என்று கேட்டுவிட்டுப் போவார். இன்று கேட்கவில்லை. முட்டை உரிக்கும் பலகையில் உட்கார்ந்துவிட்டார்.

"அடுத்த வாரம் வீடு வீடா வந்து கேப்பாங்கம்மா. பிள்ளைங்களுக்கு வீட்டுல சாப்பாட்டுக்குக் கஷ்டமான்னு. உள்ளதை உள்ளபடி சொல்லச் சொல்லுங்க. டீச்சர் சொன்னா யாரும் காதுல வாங்க மாட்டாங்க, நீங்க சொன்னா உங்க தெரு கேக்கும்."

"அதுக்கென்ன டீச்சர், சொல்லிடறேன்."

"வெக்கப்படாம சொல்லணும்மா."

சாயங்காலம் தெருவில் ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கினேன். எல்லாரும் தலையாட்டினார்கள். தச்சர் மட்டும், "இல்லாததை இல்லேன்னு சொல்லணும், அவ்வளவுதானே? அதுக்கு என்னா வாடகையா கேக்குறாங்க!" என்றார். கொசுவின் அம்மா துவைத்த துணியை உதறிக்கொண்டே, "சரிக்கா சரிக்கா" என்றாள். உதறின வேகத்தில் முகம் தெரியவில்லை.

எங்க அப்பா நினைவு வருகிறது. வீட்டில் அடுப்பில் பூனை தூங்குகிற நாளில் அவர் முகத்தைக் கழுவித் துண்டால் துடைத்து, வாசலில் போய் நின்று ஒரு ஏப்பம் விடுவார் பாருங்கள், தெருமுனை நாய் எழுந்து உட்காரும். எதிர்வீட்டு மாமாவும் விடுவார். இவர் ஒன்று, அவர் ஒன்று. இவர் இழுத்து விட்டால் அவர் சுருதி சேர்த்து விடுவார். அந்த வீட்டிலும் அன்றைக்கு உலை வைக்கவில்லை என்பது எங்களுக்கும் தெரியும், எங்களது அவர்களுக்கும் தெரியும். ஆனாலும் மறுநாள், "என்ன மாப்ள, நேத்து பலமோ?" என்று ஒருத்தரை ஒருத்தர் விசாரிப்பார்கள்.

எதற்கு இதை எழுத வந்தேன்? சரி. தெருவுக்குச் சொல்லியாச்சு.

ஜூன் 20, வியாழன்

இன்றைக்கு நடந்ததைச் சொன்னால் வயிறு வலிக்கச் சிரிக்கலாம். சிரித்தோம்.

பள்ளிக்கூடம் விட்டு நாங்கள் வீடு திரும்பின நேரத்தில் கணக்கெடுக்க வந்தது ஒரு சின்னப் பெண். பூஞ்சை உடம்பு, செருப்பு வாரில் ஊக்கு குத்தியிருந்தது. தெருமுனையிலிருந்து அந்த வெயிலில் நடந்து வந்தவள் கொசு வீட்டு வாசலில் நின்று, "கொஞ்சம் தண்ணி கிடைக்குமாக்கா?" என்றாள். அங்கேதான் ஆரம்பித்தது.

வீடு தேடி வந்த பெண்ணுக்கு வெறும் தண்ணீரா? கொல்லைச் சுவரில் தலை முளைத்தது. கொசுவின் அம்மா.

"அக்கா, சீனி இருக்கா? பால்? கடிக்க ஏதாவது?"

"எல்லாம் இருக்கு, நீ போய் உக்கார வை. உள்ளதைச் சொல்லணும், ஞாபகமிருக்கா?"

"முதல்ல டீயைக் குடுத்துட்டுச் சொல்றேங்க்கா."

என் வீட்டில் தகர டப்பா நிறைய பிஸ்கட் இருந்தது. வீட்டுக்காரர் வெளியூர் வேலைக்குப் போய் வந்தபோது வாங்கியது. டப்பாவோடு கொடுத்தேன். சுவர் ஓரமாகக் காதை வைத்துக்கொண்டேன், கேட்காமல் இருக்க முடியுமா.

அந்தப் பெண் டீயைக் குடித்தாள், பிஸ்கட்டைக் கடித்தாள். கடித்தபிறகுதான் கேட்டாள். "உங்க பொண்ணு நேத்து ராத்திரி என்ன சாப்ட்டுச்சுக்கா?"

டீயும் பிஸ்கட்டும் கொடுத்த கை. அதை மடியில் வைத்துக்கொண்டு, ஒன்றுமில்லை என்று எப்படிச் சொல்வாள்?

"சோறு, பருப்பு, முட்டை."

நேற்று ராத்திரி அந்த வீட்டில் அடுப்புப் புகை வரவில்லை. எனக்குத் தெரியும். கொசு கதவைப் பிடித்துக்கொண்டு அம்மாவையே பார்த்தாளாம். பிறகு, "முட்டை ரெண்டு" என்றாள். அது என் காதிலேயே விழுந்தது.

வந்த பெண் அங்கிருந்து எழுவதற்குள் டப்பா கொல்லைச் சுவர் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது. அங்கிருந்து தச்சர் வீட்டுக்கு. அந்தப் பெண் வாசல் வழியாகப் போகிறாள், டப்பா கொல்லை வழியாக அவளுக்கு முன்னால் போகிறது. சீனியும் பாலும் பின்னாலேயே ஓடுகின்றன. தெருக்கோடிக்குப் போனபோது, "ஐயோ போதும்மா, எல்லா வீட்டுலயும் பிஸ்கட்டு" என்று கும்பிட்டாளாம். தச்சரோ, "எங்க வீட்டுல என்னம்மா குறை, பிள்ளைங்க சோத்தைக் கண்டாலே ஓடுதுங்க" என்று ஒரு போடு போட்டிருக்கிறார்.

நான் என்ன சொன்னேன்? என்னிடமும் கேட்டாள், "இந்தத் தெருப் பிள்ளைங்கள்ல யாராவது பசியோட பள்ளிக்கூடம் வராங்களாக்கா? நீங்கதானே சமைக்கிறது, உங்களுக்குத் தெரியுமே." கொசுவின் அம்மா சுவர் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அவள் காதில் விழ அவள் வீட்டை நான் விட்டுக்கொடுப்பதா?

"அப்படியெல்லாம் யாரும் இல்லம்மா" என்றேன்.

இருட்டினபிறகு எல்லாரும் கூடிச் சிரித்தோம். தச்சர் டப்பா சுவர் ஏறினதை நடித்துக் காட்டினார். வந்த பெண்ணை வெறும் வாயோடு அனுப்பவில்லை. அந்த மட்டும் தெரு மானம் தப்பித்தது.

ஜூன் 21, வெள்ளி

"எல்லாரும் சொன்னாங்களாம்மா?" என்று பெரிய டீச்சர் கேட்டார்.

"சொன்னாங்க டீச்சர்."

என்ன சொன்னார்கள் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஜூலை 1, திங்கள்

அரிசி வண்டி வரும் நாள். வரவில்லை.

ஜூலை 3, புதன்

வண்டி வந்தது. சாலையோடு நேராகப் போய்விட்டது. நான் பள்ளிக்கூட கேட் பக்கத்தில் கையைக் காட்டிக்கொண்டு நின்றேன். வண்டிக்காரர் பார்த்தார். பார்த்துவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

ஜூலை 5, வெள்ளி

பானையில் இருந்தால்தானே அகப்பையில் வரும். மூட்டையின் அடியைத் தட்டிச் சமைத்தேன். பெரிய வகுப்புப் பிள்ளைகளைக் கடைசியில் உட்கார வைத்தேன். ஒருத்தன், "நாங்க பெரியவங்க ஆயிட்டோமா, வயிறு சின்னதாயிடுச்சா?" என்றான். எல்லாம் சிரித்தன. கொசு சிரிக்கவில்லை. சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 8, திங்கள்

பூட்டியாச்சு.

பெரிய டீச்சர் என்னை உட்காரச் சொல்லவில்லை. "உங்க தெருவுல ஒரு வீட்டுலகூட கஷ்டம்னு சொல்லலையாம். ஒரு வீடு! அடுத்த ரெண்டு தெருவும் அதே கதை. இந்தப் பள்ளிக்கூடத்துக்குச் சோறு தேவையில்லேன்னு முடிவாயிடுச்சு" என்றார். பிறகு மெதுவாக, "உங்ககிட்டயும் கேட்டாங்களாமே?" என்றார்.

நான் சாவியை மேசையில் வைத்தேன். என் வேலை போனது கிடக்கட்டும். டீச்சர்கிட்ட என்னான்னு பேசறது? பிஸ்கட்டு குடுத்தேன்னா?

ஜூலை 11, வியாழன்

தச்சரும் நானும் இன்னும் நாலு பேரும் கணக்கெடுத்த ஆபீசுக்குப் போனோம். கொசுவின் அம்மா வரவில்லை. தச்சர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "ஐயா, வீட்டுல ஒண்ணுமில்லீங்க" என்றார். இதைச் சொல்வதற்குள் அவர் எத்தனை முறை அந்தத் துண்டை அவிழ்த்துக் கட்டினார் என்று பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியும்.

அதிகாரி கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுக்கச் சொன்னார். எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப சொன்னது பொய்யா, இப்ப சொல்றது பொய்யா?" என்றார்.

பிறகு அவரே, அடுத்த கணக்கெடுப்பு வரும்போது பார்க்கலாம் என்றார். எப்போது வரும்? மாநிலம் பெரியதாம்.

ஜூலை 15, திங்கள்

இன்று பள்ளிக்கூடம் பக்கம் போயிருக்கக் கூடாது. மத்தியானம் வழக்கம்போல மணி அடித்தது. பிள்ளைகள் ஓடிவந்து வழக்கம்போல வரிசையாக உட்கார்ந்தன. தட்டு இல்லை, ஒன்றும் இல்லை. பழக்கம். கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு ஒவ்வொன்றாக எழுந்து குழாயடிக்குப் போயின. குழாயில் வாயை வைத்து வயிறு முட்டக் குடித்துவிட்டு வகுப்புக்குப் போயின.

அடுப்படிக் கூரையில் காக்கை ஒன்றுகூட இல்லை. அதுகளுக்கு யார் போய்ச் சொன்னார்கள்?

ஜூலை 16, செவ்வாய்

மத்தியான மணியை நிறுத்திவிட்டார்கள்.

ஜூலை 19, வெள்ளி

கொசுவை என் வீட்டில் சாப்பிட வைத்தேன், மூன்று நாளாக. ஊதி ஊதிச் சாப்பிடுகிறாள், ஆனால் பாதியை வைத்துக்கொண்டு, "அம்மாக்கு" என்கிறாள். இன்று அவள் அம்மா வந்து தட்டு முன்னாலிருந்து எழுப்பிக் கூட்டிப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"ஏன்டி, நான் வேத்து மனுஷியா? சீனி கேட்டே, குடுத்தேன். சோறு குடுத்தா ஆகாதா?"

"சீனி விருந்தாளிக்கு வாங்கினதுக்கா. என் பொண்ணுக்கு வாங்கல."

"பள்ளிக்கூடத்துல என் கையாலதானே சாப்ட்டா?"

"அது வேற. அங்க எல்லாப் பிள்ளைங்களும் ஒரே வரிசையில உக்காருது. உங்க வீட்டுல என் பொண்ணு மட்டும் உக்காரணும்."

வீட்டுக்கு வந்து சொன்னேன். என் வீட்டுக்காரர், "அவ சொல்றதும் சரிதான்" என்றார். சரியாக இருந்து யாருக்கு வயிறு நிறைந்தது?

ஆகஸ்ட் 5, திங்கள்

தச்சர் மகன் வகுப்பில் மயங்கி விழுந்தான். தண்ணீர் தெளித்து எழுப்பினார்களாம். டாக்டரிடம் தச்சர், வெயில் என்று சொல்லியிருக்கிறார். மூன்று நாளாக மழை.

ஆகஸ்ட் 14, புதன்

பக்கத்து வீட்டில் ரீங்காரம் கேட்கவில்லை. இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்தேன். இருக்கிறாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். "பேச்சு வல்லியா?" என்றேன். "பேசினா பசிக்குது பெரியம்மா" என்றாள். அம்மா உள்ளேயிருந்து அதட்டினாள்.

ஆகஸ்ட் 21, புதன்

கொசு பள்ளிக்கூடம் போகவில்லை. நேற்றும் போகவில்லையாம்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

கொசு வீடு பூட்டியிருக்கிறது. யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. கொல்லைச் சுவர் மேல் என் டம்ளர் ஒன்று கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

செப்டம்பர் 15, ஞாயிறு

பெரிய ஊர்ச் சந்தைக்குப் போனேன். இப்போது ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவும் வேலை, அதற்கு நார் வாங்க. பஸ் வர நேரமிருந்தது என்று ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தேன். மேசை துடைக்க வந்தது கொசு.

பெரியவர்கள் சட்டை ஒன்றைக் கையை மடித்துப் போட்டிருந்தாள். துணியைப் பிழிந்து, ஓரம் விடாமல் துடைத்தாள். நல்ல வேலைக்காரி. என்னைப் பார்த்ததும் நின்றாள். ஓடிவந்து கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன், வரவில்லை. கல்லாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா எங்கடி?"

"பின்னாடி, பாத்திரம் கழுவுது."

"பள்ளிக்கூடம்?"

"அடுத்த வருஷம்."

பக்கத்து மேசையில் ஒருத்தர் பாதிச் சோற்றோடு இலையை மடித்துவிட்டு எழுந்தார். அவள் கண் அந்த இலைமேல் போனது, வந்துவிட்டது. ஒரு கணம்தான்.

"சாப்ட்டியா?" என்றேன். நான் சமைத்துப் போட்ட பிள்ளை. அவள் எச்சில் முழுங்குவது எனக்குத் தெரியாதா?

"ஓ, சாப்ட்டேனே. சோறு, பருப்பு, எல்லாம் போடறாங்க பெரியம்மா. இங்க என்ன குறை" என்றாள், என் கண்ணைப் பார்த்தே. பிறகு என் மேசைக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள்.