வண்டிக்கு ஒன்றுமில்லை

பீரோவைத் திறந்ததும் அந்தப் பனியனின் சாய வாடை குப்பென்று மூக்கில் ஏறியது. போன மாதம் ஒரே ஒரு தடவை போட்டேன், இரண்டு முறை துவைத்தும் வாடை போகவில்லை. கறுப்புப் பனியன். முதுகில் உன் முகம், இரண்டு பக்கமும் இறக்கை. கீழே கொட்டை எழுத்தில் ‘பேசுங்கள், நாங்கள் கேட்கிறோம்’. நம்ம பைக் கிளப்பில் எவன்டா எதைக் கேட்டான்? சைலன்சர் சத்தத்தைத் தவிர இவன்கள் காதில் எது விழுந்தது?

நீ போய் ஒரு வருடம் ஆனதற்காக மனநல விழிப்புணர்வுப் பயணமாம், கரையான்சாவடியிலிருந்து திருநின்றவூர் ஏரி வரைக்கும். நீ விபத்தில் செத்ததாகத்தான் கிளப் இன்றைக்கும் வெளியில் சொல்கிறது. நீயாகவே போனாய் என்றால் கிளப் பெயர் கெட்டுவிடுமாம். செத்த காரணத்தை வாய்விட்டுச் சொல்லத் துப்பில்லை, இதில் படத்தை முதுகில் மாட்டிக்கொண்டு விழிப்புணர்வு வேறு! தனக்குத் தானே ‘கேப்டன்’ என்று பெயர் சூட்டிக்கொண்டானே நம்ம தலைவன், அவன் பனியன் போட்டு இருபது கோணத்தில் படம் எடுத்துக்கொண்டான்.

ஆனால் அவனைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

நாம் யாரும் யாரையும் ‘எப்படி இருக்கிறாய்’ என்று கேட்டதே கிடையாது. “வண்டி எப்டி கீது?” இதுதான் நமக்குள் வணக்கம், நலம் விசாரிப்பு எல்லாம். அந்த ஞாயிற்றுக்கிழமை என் அம்பத்தூர் வீட்டு வாசலில் வந்து நின்றாய். வழக்கம்போல அதையேதான் கேட்டேன்.

“சரியில்ல மச்சான். காலைல ஸ்டார்ட்டே ஆவ மாட்டுது. ஸ்டார்ட் ஆனாலும் இழுக்க மாட்டுது. எங்கயாவது ஓரமா உட்டுட்டு போய்டலாம்போல கீது.”

நான் உடனே ஸ்பேனரை எடுத்தேன். பழைய பிளக்கைக் கழற்றிப் புதுசு போட்டேன். ஒரே உதை, வண்டி கிளம்பிவிட்டது. “வண்டிக்கு ஒன்னியும் இல்ல நைனா, உனக்குத்தான் எங்கயோ கோளாறு” என்று சொல்லிச் சிரித்தேன்.

“அதான் மச்சான்” என்றாய். நீயும் சிரித்தாய். டீ குடித்துவிட்டுக் கிளம்பினாய். பத்து நாள் கழித்து உன் தம்பி போன் செய்தான்.

நீ உன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாய். நான் பிளக் மாற்றிக்கொண்டிருந்தேன். இப்படி ஒரு மேதாவியை இந்த ஜில்லாவில் தேடினாலும் கிடைக்காது.

அந்த ஆத்திரத்தில்தான் தொண்டர் வேலைக்குப் போனேன். வண்டி ஓட்டுகிறவர்களின் மனக்கஷ்டத்தைக் காது கொடுத்துக் கேட்க ஆள் வேண்டும் என்று வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரியில் பயிற்சி கொடுத்தார்கள். நடத்திய ஆலோசகர் அம்மா ஒன்று சொன்னார்: “சுத்தி வளைக்காதீங்க. சாகணும்னு தோணுதான்னு நேராவே கேளுங்க. நீங்க கேக்குறதால அந்த நெனப்பு வந்துடாது. ஏற்கெனவே இருந்தா வெளிய வரும்.”

இதைக் கிளப் கூட்டத்தில் சொன்னேன். கேப்டன் முகம் சுளித்தான். “இன்னா மாமே, சாவு கீவுன்னுகினு? பசங்க ஜாலியா வரானுங்க. ஒரு செல்ஃபி பாயிண்ட் வெச்சா போதும்.” சுற்றி இருந்ததுகள் கை தட்டின.

அப்படியே ஏரிக்கரையில் செல்ஃபி பாயிண்ட் வைத்தான்கள். உன் முகத்தை முதுகில் சுமந்தபடி ஆளாளுக்கு இளித்துக்கொண்டிருந்தான்கள். ஓரமாக முரளி நின்றிருந்தார். நீ பார்த்ததில்லை, ஆறு மாதம் முன்புதான் சேர்ந்தார். திருநெல்வேலிக்காரர், ஐ.டி. வேலை, ஆவடியில் வாடகை வீடு. யாரிடமும் இல்லாமல் பொதுவாகச் சொன்னார்: “வண்டிய வித்துரலாம்னு பாக்கேன். ஓட்டவே பிடிக்கல.”

“எனக்குக் குடு தலைவா! வேற எவன்கிட்டயும் பேசாத!” எலும்பைக் கண்ட நாய் மாதிரி பாய்ந்தான் கேப்டன். இன்னும் இரண்டு பேர் உடனே குனிந்து டயரைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

நான் முரளியைத் தனியாகக் கூட்டிப்போனேன். “வண்டிய உடுங்க. நீங்க எப்டி இருக்கீங்க?”

“நல்லாத்தாண்ணே இருக்கேன்.”

நேராகவே கேட்டுவிட்டேன். “முரளி, சாகணும்னு தோணுதா?”

தண்ணீரைப் பார்த்தபடியே, “ஆமாண்ணே, ரெண்டு மாசமா” என்றார். “வீட்லகூடச் சொல்லல. நீங்கதான் மொதல்ல கேட்டிய.”

அவர் மனைவிக்கு அங்கேயே போன் போட்டுக் கொடுத்தேன், பேசினார், அழுதார். வண்டியைப் பூட்டிவிட்டு என் பின்னால் உட்காரவைத்து வீட்டுக்குக் கூட்டிப்போனேன். கிளம்பும்போது கேப்டன் கத்தினான்: “குரூப் போட்டோ எடுக்கணும், எங்க கெளம்பிட்ட?” “என் எடத்துலயும் நீயே நின்னுக்கோ” என்றேன். மறுநாள் காலை மூன்று பேருமாக டாக்டரிடம் போனோம். மருந்து சாப்பிடுகிறார். “நேத்து ஆறு மணி நேரம் தூங்குனேண்ணே” என்று செய்தி அனுப்புகிறார். இன்னும் வாரம் ஒருமுறை போய்ப் பார்க்கிறேன்.

இப்போது விஷயம் தெரிந்தவர்கள் என் தோளைத் தட்டி, பெரிய சேவை என்கிறார்கள். சேவையாவது மண்ணாவது! அவர்கள் தட்டும்போதெல்லாம் என்மேலேயே காறித் துப்ப வேண்டும்போல் இருக்கிறது. முரளி எனக்கு ஆறு மாதப் பழக்கம். நீ பதினோரு வருடம் என் பக்கத்தில் ஓட்டியவன். கேட்க வேண்டியிருந்தது இரண்டே வார்த்தை. கேட்டுப் பார்த்துவிட்டேன், அரை நிமிடம்கூட ஆகவில்லை. அவ்வளவு சுலபமாக இருந்ததடா.