நான்காவது ஏற்றம்

வியாழன், இரவு.

தூக்கம் வரவில்லை. இன்று காலையில் சந்திரகிரி மலைச்சரிவில் சைக்கிள் பயிற்சி. மூச்சு முட்ட மிதித்து ஏறி, உருண்டு இறங்கி, மறுபடியும் அதே மேட்டில் ஏற வேண்டும். நான்காவது முறை ஏறும்போது, சற்றுமுன் புழுதியில் என் டயர் பதித்த கோட்டின் மேல் ஏதோ விலங்கின் காலடித் தடம் இருந்தது. நான் இறங்கித் திரும்புவதற்குள் ஏதோ கடந்திருக்கிறது.

கீழே நேரம் பார்த்துக்கொண்டிருந்த நண்பன் டில்லியிடம் சொன்னேன்.

"நாயாத்தான் இருக்கும். இதுக்குப் போய் பயந்துக்கினு இருக்கியே. நாளைக்கு நானே ஏறுறேன்" என்றான்.

நானும் நாய் என்றே நம்பினேன். இரவு கேட்டைப் பூட்டப் போனபோது, வாசல் சேற்றில் தெருநாயின் தடம் தெரிந்தது. ஒவ்வொரு விரலுக்கும் முன்னால் நகம் குத்தியிருந்தது.

மலையில் பார்த்ததில் நகமே இல்லை. பூனை இனம்தான் நகத்தை உள்ளிழுத்துக்கொண்டு நடக்கும்; அவ்வளவு பெரிய தடம் என்றால் சிறுத்தைதான்.

டில்லி போனை எடுக்கவில்லை. வெயிலுக்கு முன் ஏற, இருட்டிலேயே கிளம்புகிறவன் அவன்.