வெள்ளச்சியின் வயிறு

நாகல் நகர்,
திண்டுக்கல்.

அன்புப் பேத்தி வினோலியாவுக்கு அம்மாச்சி அருளாயி எழுதுவது. சேசுவுக்கே தோத்திரம். சிஸ்டர் வினோலியான்னு எழுத இன்னும் கை வரல. கன்னியர் மடத்துல போன் குடுக்க மாட்டாங்கன்னா என்ன, அஞ்சாப்பு படிச்சவ நான், எனக்கு எழுதத் தெரியாதா?

போன கடுதாசியில வெள்ளச்சி மாசமா இருக்கான்னு எழுதியிருந்தேன்ல, அதை மறந்துரு.

நீ விட்டுட்டுப் போன முயல் வெள்ளச்சி, கறுப்பன் ரெண்டையும் தினம் காம்பவுண்டுப் பொதுவாசல்லதான் மேய விடுவேன். வெள்ளச்சிக்கு வயிறு உருண்டு வந்துச்சு. நான் சும்மா இருந்தேனா? எல்லா வீட்டுக்கும் சொல்லி, என் சேலையைக் கிழிச்சு மெத்தையும் போட்டேன். எதிர்வீட்டு பாஸ்கல், வளைகாப்பு எப்ப பெரியம்மா, பிரியாணிக்குச் சொல்லிரவான்னு கேலி பண்ணான். உன் வீட்டுல மட்டும்தான் பிள்ளை பிறக்கணுமான்னு வெடுக்குன்னு கேட்டுட்டேன். அதுலருந்து பேச்சு இல்ல.

மாசம் தாண்டியும் குட்டி போடல, தீனியும் எடுக்கல. ஆட்டோ பிடிச்சு கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். டாக்டர் பொண்ணு ஸ்கேன் பாத்துட்டு, குட்டி இல்லம்மா, நீர்க்கட்டின்னுச்சு. நாய் வயித்து நாடாப்புழுவோட முட்டை, நாய் வெளிக்கிப் போற இடத்துப் புல்லுல ஒட்டிக்கிடுமாம். அதை முயல் தின்னா உள்ள போயி கட்டி கட்டியா வளருமாம். உங்க வாசல்ல நாய் உண்டான்னு கேட்டுச்சு. பாஸ்கலோட டைகர் அங்கதான கிடக்கும். மருந்து குடுத்திருக்கு. பிழைக்குமான்னு கேட்டா, பாப்போம்னுது. கறுப்பனை நான் கூண்டை விட்டே இறக்கல. முருங்கைக் கீரையைக் கழுவிக் கழுவிப் போடறேன்.

அதோட விட்டுச்சா? நாய்க்கு வேற புழுவும் இருக்கும், அது மனுசப் பிள்ளை வயித்துக்கும் போகும், தவழற பிள்ளை இருந்தா கவனம்னுச்சு. பாஸ்கல் மகன் ரொனால்டு இப்பத்தான் தவழ ஆரம்பிச்சிருக்கான். போய்ச் சொன்னா, கிழவி குட்டின்னது புழுவான்னு காம்பவுண்டே சிரிக்கும். சொல்லாட்டி சோறு இறங்கல. எழுதும்போதே எட்டி எட்டிப் பாக்கறேன். இந்தா, மண்ணை அள்ளிட்டான். செத்த இரு, வாரேன்.

வந்துட்டேன். அவனைத் தூக்கிக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி விட்டு, பாஸ்கல்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். அவன் சிரிக்கல. வெள்ளச்சி இப்ப எப்படி இருக்கு பெரியம்மான்னு கேட்டுட்டு, டைகரைச் சங்கிலியில பிடிச்சுக்கிட்டுப் பூச்சி மருந்துக்குப் போயிட்டான். ரொனால்டு நல்ல கனம். அவன் ஆத்தா வந்து கேட்டும் செத்த நேரம் நான் இறக்கி விடல.

முயலுக்குச் செபம் பண்ணலாமான்னு மதர்கிட்ட கேட்டுக்க. பண்ணலாம்னா பண்ணு. உனக்கு நான் ஆசீர்வாதம் சொல்றதா, இனிமே நீதான் எனக்குச் சொல்லணுமா, அது எனக்குத் தெரியல. நான் சொல்றேன். நல்லா இரு தாயி. ஒரு தடவை வீட்டுக்கு விடுவாங்களான்னு மட்டும் கேட்டு எழுது.

உன் அம்மாச்சி,
அருளாயி